குளக்கோட்டனின் ஆண்டும் மாணவரின் உசாத்துணைப் பட்டியலும்

தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலைப் பற்றி ஒப்படை எழுதும் மாணவர் குளக்கோட்டனைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தவன், கந்தளாய்க் குளத்தைக் கட்டியவன், கோயில் தொழும்புக்கெனக் குடிகளைக் கொண்டுவந்தவன் என்று ஐதிகம் அவனைச் சொல்கிறது. அவன் வாழ்ந்த காலம் எது? கி.மு. 2590 என்று ஒரு விடை உண்டு, கி.பி. 436 என்றும், 1223 என்றும் விடைகள் உண்டு. மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, "அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது" என்று முடித்து, கீழே ஒரு கும்பாபிஷேக மலரின் பெயரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியத்தில் கருத்தும் இல்லை, வேறுபாடும் இல்லை. மூன்று ஆண்டுகளும் மூன்று வகையான சான்றுகளிலிருந்து வந்தவை என்பதையே அது மறைத்துவிடுகிறது.

முதலாவது, கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டிலிருந்து வருகிறது. பெயர் அப்படியிருந்தாலும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. ஏட்டில் வழங்கிப் பின்னர் அச்சேறிய நூல். அதில் வரும் கலி 512ஐக் கணக்கிட்டால் கி.மு. 2590 கிடைக்கும். இரண்டாவது, மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையின் சகம் 358, அதாவது கி.பி. 436. மூன்றாவதுதான் உண்மையான கற்சாசனம்: திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையில் கிடைத்த, கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதச் சாசனம். சகம் 1145இல், அதாவது 1223இல், சோடகங்கன் என்பவன் வந்ததை அது குறிக்கிறது. குளக்கோட்டனின் பெயர் அதில் இல்லை. இருவரும் ஒருவரே என்பது சி. பத்மநாதன் முதலான ஆய்வாளரின் அனுமானம். வலுவான அனுமானம்தான், ஆயினும் "1223இல் குளக்கோட்டன் திருப்பணி செய்தான்" என்று எழுதி அடிக்குறிப்பில் சாசனத்தைக் காட்டுபவர், கல் சொல்லாத ஒன்றைக் கல்லின் தலையில் ஏற்றுகிறார். அங்கே காட்டப்பட வேண்டியவை இரண்டு: சாசனம், அதற்குப் பொருள் கண்ட ஆய்வு.

முதனிலை, இரண்டாம் நிலை என்று பட்டியலைப் பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் கோணேசர் கல்வெட்டை எந்தப் பக்கம் வைப்பது? குளக்கோட்டனின் காலத்துக்கு அது மிகப் பிந்திய சான்று. கோயில் தொழும்புக்குரிய தானத்தார், வரிப்பத்தார் என்போரின் கடமைகளையும் உரிமைகளையும் அது விரித்துரைக்கும் இடங்களிலோ, நூல் எழுந்த காலத்துக் கோயில் நிருவாகத்துக்கு அதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது கடினம். ஆய்வாளர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே நூலின் நிலை மாறுகிறது. ஆகவே, பட்டியல் கடைசி இரவில் ஒட்டப்படும் வால் ஆகாது; ஆய்வு வினாவோடு கூடவே உருவாக வேண்டும்.

ஆதாரங்களைப் பட்டியலிடுவது மேற்கிலிருந்து இறக்குமதியான சடங்கு என்று சலித்துக்கொள்வோருக்கு வைபவமாலையையே காட்டலாம். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை அதன் பாயிரம் ஆதாரங்களாகப் பெயர் சுட்டுகிறது. பின்னிரண்டும் இன்று நம் கையில் இல்லை. அப்படி இரண்டு நூல்கள் இருந்தன என்று நாம் அறிவது பெரிதும் அப்பாயிரத்தால்தான். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஆதாரத்தைப் பெயர் சொல்லி எழுதுவதன் பயனை விளக்க வேண்டியதில்லை.

மாணவரிடம் அதிகம் காணப்படும் பிழை திருட்டு அன்று. காணாததைக் கண்டதாகக் காட்டுவது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்ததைச் சொல்லும் இடத்தில் குவேறோஸ் பாதிரியாரின் பெயர் வந்துவிடும். அவர் 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேய மொழியில் எழுதியதை எஸ். ஜி. பெரேரா ஆங்கிலமாக்கி 1930இல் கொழும்பில் வெளியிட்டார். மாணவர் படித்தது இரண்டுமல்ல. மலரொன்றில் யாரோ எடுத்தாண்ட இரண்டு வரி. அந்த மலரையே குறித்து, "அதில் மேற்கோள் காட்டப்பட்டவாறு" என்று எழுதினால் மதிப்பெண் குறையாது. குறைக்கும் பரீட்சகர் இருந்தால் குறை அவருடையது. மின்வருடிய நூலை 'நூலகம்' இணைய நூலகத்தில் படித்தவரும் முகவரியை மட்டும் தந்து நின்றுவிடக்கூடாது. எந்தப் பதிப்பு, யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு என்பவை வேண்டும். பழைய நூல்களில் பாடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பெயர் ஒழுங்கும் ஒரு சிக்கல். குடும்பப் பெயரை முன்னால் போடும் அமெரிக்க முறைகளைத் தமிழ்ப் பெயர்மீது அப்படியே ஏற்றினால் தந்தையின் பெயர் நூலாசிரியர் ஆகிவிடும். தி. த. கனகசுந்தரம்பிள்ளையின் முதலெழுத்துகளில் ஒன்று திருகோணமலை, மற்றது தந்தை தம்பிமுத்துப்பிள்ளை. குடும்பப் பெயர் அங்கே இல்லவே இல்லை. "கனகசுந்தரம்பிள்ளை, தி. த." என்று இயற்பெயரால் அகரவரிசைப்படுத்துவதே சரி. இதற்கு எந்தக் கைந்நூலின் அனுமதியும் வேண்டாம். பட்டியல் முழுதும் ஒரே முறை இருந்தால் போதும்.

கடினமானது வாய்மொழிச் சான்று. கோணேசர் கோயில் இடிபட்டபின் திருவுருவங்கள் தம்பலகாமத்துக்கு வந்து சேர்ந்த கதையை அவ்வூரில் பரம்பரைத் தொழும்பு செய்யும் குடும்பங்கள் தமக்குரிய விதத்தில் சொல்கின்றன. அச்சில் உள்ளதோடு அது எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்பதுதான் ஆய்வுக்கு வேண்டியது. "ஊர் மக்கள் கூறுகின்றனர்" என்று எழுதினால் அந்த ஒப்பீட்டுக்கு வழியில்லை. சொன்னவரின் கோயிற் கடமை, உரையாடிய நாள், இடம், அவர் இசைந்தால் பெயர் ஆகியவை பதிவாக வேண்டும். இசையாவிட்டால் கடமையை மட்டும் குறிக்கலாம். அவர் சொன்னது மலரில் படித்ததா, தகப்பனிடம் கேட்டதா என்று அங்கேயே விசாரித்து அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். மலரில் படித்ததாயின் அது தனிச் சான்றாகாது. மலரோடு சேர்த்தே எண்ணப்பட வேண்டும்.