தட்டமும் தட்டானும்

‘தட்டு’ துரைமார் மேசையிலிருந்து லயத்துக்கு இறங்கிய சொல், ‘பிளேட்’டுக்கு நாம் இட்டுக்கொண்ட பெயர் என்று கொஸ்லந்தப் பக்கம் சிலர் விளக்கம் தருகிறார்கள். வேறு சிலர் ‘பிளேட்’டே தமிழ்தான் என்கிறார்கள். இரண்டும் பிழை.

முதற்கூற்றை மறுக்க ஆண்டாள் போதும். திருப்பாவையின் இருபதாம் பாட்டில் நப்பின்னையிடம் கேட்கும் கண்ணாடிக்குப் பெயர் ‘தட்டொளி’. உலோகத்தைத் தட்டித் துலக்கி ஒளியேற்றிய தகடு அது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் காலத்தில் வந்த பொன், வெள்ளிக் கலங்களைக் கல்வெட்டில் பாருங்கள்: தளிகை, மண்டை, கெண்டி, வட்டில், படிக்கம், அவற்றோடு தட்டமும் உண்டு. ஊவா மலையில் கோப்பிக் கன்று ஊன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகள் முந்திய சான்று இது.

பங்களாவில் கடலேறி வந்த சொற்கள் இல்லாமலில்லை. மேசையும் கோப்பையும் போர்த்துக்கீசியம், பீங்கான் பாரசீகம். தட்டம் அவற்றோடு சேராது. சிங்கள அயலார் வெற்றிலை வைக்கும் ‘தட்டுவ’வும் நம் சொல்லின் உறவே.

இனி ‘பிளேட்’. கிரேக்கத்தில் ‘பிளாதுஸ்’ என்றால் தட்டையானது, அகன்றது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பிரபுக் குடும்பங்கள் குலச்சின்னம் பொறித்து வைத்திருந்த வெள்ளிக் கலங்கள் அனைத்துக்கும், கிண்ணமானாலும் கூசாவானாலும், ‘பிளேட்’ என்பதே பொதுப்பெயர். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பது அவற்றின் தரம். 1544 முதல் இலண்டனில் சிங்க முத்திரை. 1743 அளவில் செஃபீல்டில் தாமஸ் போல்சோவர் செம்பின்மேல் வெள்ளியை ஒட்டிய பிறகு, அந்த மலிவுச் சரக்குக்கும் அதே பெயர் ஒட்டியது. பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் பேரன் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் அடிஷாம் பங்களாவைக் கட்டினார். அவர் குலத்தார் வீட்டுப் ‘பிளேட்’டுக்கும் நம் தட்டத்துக்கும் சொல்லுறவு கிடையாது.

‘தட்டை’ என்ற வடிவமே தட்டத்துக்கும் மூலம் என்பாரையும் நான் ஏற்கவில்லை. கிரேக்கச் சொல் வடிவத்தில் பிறந்தது. தமிழ்ச்சொல் தொழிலில் பிறந்தது. பொற்கொல்லன் ஏன் தட்டான்? தட்டுவதால். அவனிடம் வாங்கிய வரி தட்டார்ப்பாட்டம். பாணனுக்குக் கிடைத்த பொற்றாமரையை வெள்ளி நாரில் தொடுத்ததைப் பேய்மகள் இளவெயினி புறநானூற்றின் பதினோராம் பாட்டில் சொல்கிறார். வெள்ளியை நாராக இழுக்கத் தெரிந்த கைக்கு அதைத் தகடாகத் தட்டத் தெரியாதா? அடி முந்தியது, தட்டை பிந்தியது.

கலத்துக்குப் பெயர் கொடுத்தது தட்டானின் சுத்தியல். தட்டம் அவன் சொல். துரை வீட்டு இரவல் அல்ல.