அரபெழுத்தில் ஆப்பிரிக்கான்ஸ்: கேப் டவுன் மதரஸாக்களின் மொழிப்பணி

ஆப்பிரிக்கான்ஸ் என்றதும் தென்னாப்பிரிக்க வெள்ளையரின் மொழி, நிறவெறி அரசு தன் ஆணைகளைப் பிறப்பித்த மொழி என்ற எண்ணமே பலருக்கும் எழுகிறது. ஆனால் டச்சிலிருந்து கிளைத்த இம்மொழியைத் தம் நாவில் உருவாக்கியவர்களில் அடிமைகளுக்கும் கொய்கொய் என்னும் மண்ணின் மக்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதும், அதைப் பேசியவாறே ஏட்டில் எழுதத் துணிந்த முன்னோடிகளில் கேப் டவுன் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதும், அதற்கு அவர்கள் கையாண்டது அரபு எழுத்து என்பதும் வரலாற்று நூல்களில் நெடுங்காலம் இடம் பெறவில்லை.

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களுக்கு உணவும் நீரும் ஏற்றுவதற்காக கேப் எனப்படும் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. அங்கு உழைப்பதற்கு இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை, மடகாஸ்கர், மொசாம்பிக் ஆகிய இடங்களிலிருந்து 1808 வரை சுமார் 63,000 அடிமைகள் கொண்டுவரப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. கீழை நாடுகளில் கம்பெனியை எதிர்த்த அரச குடும்பத்தாரும் மார்க்க அறிஞர்களும் இதே கரைக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் புகழ்பெற்ற மக்காசார் ஷெய்கு யூசுப், பந்தன் சுல்தானின் பக்கம் நின்று போரிட்டுப் பிடிபட்டு, இலங்கையில் பத்தாண்டுகள் கழித்த பின் 1694இல் கேப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, 1699இல் அங்கேயே காலமானார். நகருக்கு வெகு தொலைவிலுள்ள பண்ணையில் அவரை ஒதுக்கி வைத்த கம்பெனியின் நோக்கம் நிறைவேறவில்லை. அவர் தங்கிய இடம் இன்றும் மக்காசார் என்றே அழைக்கப்படுகிறது, அங்குள்ள அவரது அடக்கத்தலம் மக்கள் ஸியாரத்துக்குச் செல்லும் இடமாகவும் இருக்கிறது.

இஸ்லாத்தை வெளிப்படையாகப் பின்பற்றத் தடை இருந்த அக்காலத்தில் சமூகத்துக்கு உறுதியான வடிவம் தந்தது பள்ளிவாசலைவிட மதரஸாவே எனலாம். திதோர் தீவின் இளவரசரும் அறிஞருமான இமாம் அப்துல்லாஹ், மக்கள் வழக்கில் துவான் குரு, 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். சிறையிலேயே திருக்குர்ஆனை நினைவிலிருந்து எழுதி முடித்ததோடு, ஈமானும் இஸ்லாமும் பற்றி அரபியிலும் மலாயிலும் ஒரு பெருந்தொகுப்பையும் 1781இல் நிறைவு செய்தார். விடுதலைக்குப் பின் 1793இல் கேப் டவுனின் டோர்ப் தெருவில் அவர் தொடங்கிய மதரஸாவில் அடிமைகளின் பிள்ளைகளும் விடுதலை பெற்றோரின் பிள்ளைகளும் ஓதக் கற்றனர். அதே தெருவில் 1794இல் தோன்றிய அவ்வல் பள்ளிவாசல் தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலாகும். அதன் மனை, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இலங்கைக் கொரிடோன் என்பவரின் குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. பொது வழிபாட்டுக்கான சட்ட உரிமை 1804இல்தான் கிட்டியது என்பதை எண்ணும்போது, பத்தாண்டுகள் முன்னதாகவே எழுந்த இப்பள்ளிவாசலுக்குப் பின்னிருந்த நெஞ்சுரம் வியப்புக்குரியது.

மதரஸாவில் முதலில் மலாய் மொழியே பயிற்றுமொழியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர நகர, வீட்டிலும் தெருவிலும் வழங்கிய ஆப்பிரிக்கான்ஸ் அதன் இடத்தைப் பிடித்தது. எழுத்துக்கூட்டும் முறையில் மட்டும் பழைய மலாய் நிலைத்தது: 'அலிஃப் டெட்டிஸ் அ, அலிஃப் பாவா இ, அலிஃப் டப்பான் உ' என்று பிள்ளைகள் ராகமிட்டுச் சொன்னபோது, குறி மேலே நின்றால் அ, கீழே நின்றால் இ, முன்னே நின்றால் உ என்னும் பாடம் மனத்தில் பதிந்தது. பாடங்களைக் குறிப்பேட்டில் எழுதி மனனம் செய்யும் வழக்கத்தால் அவ்வேடுகள் 'கோப்லெஸ்' எனப்பட்டன. தலையில் ஏற்ற வேண்டிய பாடம் என்பது அதன் பொருள். அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் புதிய வடிவங்கள் அமைக்கப்பட்டன. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வழங்கிய அரபுத்தமிழ் நூல்களைப் பார்த்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. தமிழின் ஒலிகளுக்கும் அவ்வாறே புள்ளியிட்டு எழுத்துகள் ஆக்கப்பட்டன.

இவ்வேடுகளின் தனிச்சிறப்பு, உயிர்க்குறிகள் முழுமையாக இடப்பட்டிருப்பதில் உள்ளது. ரோமன் எழுத்தில் எழுதியோர் டச்சு மொழியின் எழுத்துக்கூட்டலை விட்டு எளிதில் விலகாததால், நகர மக்கள் உண்மையில் எப்படி உச்சரித்தார்கள் என்பது அவர்களின் எழுத்தில் மறைந்துபோயிற்று. மதரஸா ஏடுகளோ காதில் விழுந்த ஒலியையே எழுதியதால், மொழியியலாளருக்கு அவற்றைவிட நம்பத்தக்க சான்று அரிது.

இவ்வெழுத்துமுறையில் அச்சேறிய நூல்களுள் பெயர் பெற்றது 'பயானுத்தீன்'. உதுமானியப் பேரரசு 1862இல் அனுப்பிய குர்திய அறிஞர் அபூபக்ர் எஃபெந்தி, சில ஆண்டுகளுக்குள் உள்ளூர் மொழியைக் கற்று, தொழுகை, தூய்மை, உணவு முதலியவற்றின் சட்டங்களை விளக்கி 1869இல் இதை எழுதி முடித்தார். 1877இல் இஸ்தான்புல்லில் அது அச்சிடப்பட்டது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றிய கேப் முஸ்லிம்களிடையே ஹனஃபி சட்டங்களை அவர் போதித்ததும், கடலை நம்பி வாழ்ந்தோர் விரும்பி உண்ட சிங்கி இறாலை விலக்கப்பட்டது என்று கூறியதும் கடும் பூசலை எழுப்பின. ஆயினும் அவர்தம் நூல், அன்றைய மக்களின் பேச்சை அப்படியே காத்து வைத்திருக்கிறது.

இதே காலத்தில், 1875இல், பார்ல் நகரில் 'மெய்யான ஆப்பிரிக்கானர் சங்கம்' தோன்றி, ஆப்பிரிக்கான்ஸை வெள்ளைக் கிறித்தவ மக்களின் தாய்மொழியாக முன்னிறுத்தத் தொடங்கியது. 1925இல் அம்மொழி அரசு மொழியானபோது மதரஸா ஏடுகளைப் பற்றிய பேச்சே எழவில்லை. பள்ளிக்கல்வி ரோமன் எழுத்தில் பரவியதால் அரபெழுத்து வழக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மங்கிற்று. 1966இல் கேப் டவுனின் ஆறாம் வட்டாரம் எனப்படும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களும் நகருக்கு வெளியே அகற்றப்பட்டன. இந்த ஏடுகளையும் நூல்களையும் தேடித் தொகுத்து, அவற்றின் ஒலியமைப்பை விரிவாக ஆராய்ந்தவர் அவ்வல் பள்ளிவாசல் நிற்கும் போ-காப் பகுதியைச் சேர்ந்த அஹ்மத் டேவிட்ஸ். 1991இல் அவர் அளித்த அந்த ஆய்வேடு, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 2011இல்தான் நூலாக வெளிவந்தது.