அறிஞரை விரட்டினர், அறிவை?

“எங்கள் சட்டம் முன்னோர் வகுத்தது, அதனை எடை போட நீ யார்?” பழமையின் காவலர் எந்நாட்டிலும் எழுப்பும் கேள்வி இது. எடை போட்டே தீர்வோம் என்று துணிந்த ஓர் ஆய்வகத்தின் வரலாற்றை, தோழர்களே, நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்தது. வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் விளைவாகக் கலப்பு நடுவர் மன்றங்கள் தோன்றின. அங்கே பல நாட்டுச் சட்டங்கள் மோதின. ஜெர்மனி-இத்தாலி மன்றத்தில் நடுவராக அமர்ந்தவர், 1874இல் வியன்னாவில் பிறந்த எர்ன்ஸ்ட் ராபெல். 1926இல் பெர்லினில், கெய்சர் வில்ஹெல்ம் கழகத்தின் சார்பில், அயல்நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டு ஆராயும் நிலையம் அவர் தலைமையில் எழுந்தது. எங்கே? முடிதுறந்து ஓடிய மன்னனின் அரண்மனையிலே! அரசன் கொலுவிருந்த மாளிகையில் அறிவு குடியேறியது.

அவர் காட்டிய வழி எளிது, ஆனால் புரட்சிகரமானது. சட்டத்தின் சொற்களை ஒப்பிட்டு நின்றுவிடாதே. அச்சொற்கள் தீர்க்க வந்த சிக்கலை ஒப்பிடு என்பதே அது. “இந்த விலைக்குத் தருகிறேன்” என்று ஒரு வணிகர் மடல் விடுக்கிறார். மறுமொழிக்குரிய காலம் வரை அச்சொல் அவரைக் கட்டும் என்கிறது ஜெர்மானியச் சட்டம். எதிரி ஏற்குமுன் திரும்பப் பெறலாம் என்கிறது ஆங்கிலச் சட்டம். எது புனிதம்? எதுவுமில்லை! இரண்டும் மனிதர் செய்தவை, மனிதர் மாற்றக்கூடியவை. விற்பனைக்கு உலகப் பொதுச் சட்டம் ஒன்று வேண்டும் என்று அவர் உழைத்தார். 1936இல் அதுபற்றிய பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார்.

ஆனால் 1933இலேயே இட்லர் ஆட்சி வந்துவிட்டிருந்தது. ராபெல் கத்தோலிக்கர், எனினும் யூத மரபில் வந்தவர். புலமையைப் பார்க்கவில்லை, பிறப்பைப் பார்த்தனர்! 1935இல் பேராசிரியர் பதவி பறிபோயிற்று. 1937இல் நிலையத்தின் தலைமையும் பறிபோயிற்று. 1939இல், அறுபத்தைந்து வயதில், அமெரிக்கா சென்றார்.

நிலையத்தை மூடினரா? இல்லை! வேறொருவர் தலைவரானார்; பணி தொடர்ந்தது. கொடுமை அதுதான். நூலகம் நின்றது, பெயர்ப்பலகை நின்றது. நிறுவியவர் மட்டும் இல்லை. தன் தலைவரைப் பிறப்புக் காட்டி நீக்கும் ஆட்சியைத் தடுக்க இயலாத நிலையத்துக்குத் தன்னுரிமை என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய்!

ராபெல் ஓயவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, சட்டங்களின் முரண்பாடு குறித்த பெருநூலை எழுதினார். அதன் முதல் தொகுதி 1945இல் வந்தது. 1955இல் மறைந்தார். அவர் விதைத்த விற்பனைச் சட்டக் கருத்து 1964இல் தி ஹேக் நகரில் துளிர்த்து, 1980இல் ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தமாகக் கனிந்தது. அது நிறைவேறிய இடம், அவர் பிறந்த அதே வியன்னா! 1988இல் நடைமுறைக்கு வந்த அதனை இன்று 90க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன. விலைமொழி கூறியவர் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் திரும்பப் பெறேன் என்று உறுதி தந்திருந்தால் இயலாது என்று, இரு சட்டங்களின் வழக்கையும் அது இணைத்துத் தீர்த்தது. அவர் நிறுவிய ஆய்விதழ் 1961 முதல் அவர் பெயரையே தாங்கி வருகிறது.

ஆய்வகம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: பொருள் தருபவர் யார்? தலைவரை அமர்த்துபவர் யார்? ஆள்வோருக்குப் பிடிக்காத முடிவை அங்கே அச்சிட முடியுமா? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்கும் இடத்தில்தான் சட்டம் ஆராயப்படும். மற்ற இடங்களில் அது ஓதப்படும், அவ்வளவே!