அட்டை வெட்டும் அச்சு: வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துச் சென்ற மாணவி ஒருவர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். வீட்டிலிருந்தபடியே வாழ்த்து அட்டைகள் செய்து விற்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு வடிவம், வளைகாப்புக்கு ஒரு வடிவம், புதுமனை புகுவிழாவுக்கு வேறொன்று. எல்லாம் கத்தரிக்கோலாலும் கத்தியாலும் வெட்டியவை. அவருடைய வலக்கைப் பெருவிரலில் காய்ப்புக் காய்த்திருந்தது.

"சார், டை கட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். சேர்த்து வச்ச பணம் மொத்தமும் போயிடும். வாங்கலாமா?" என்று கேட்டார்.

இயற்பியல் ஆசிரியனுக்கு அழுத்தத்தைப் பற்றித் தெரியும். வியாபாரத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் காகிதத்தைக் கையால் வெட்டுவதா, அச்சால் வெட்டுவதா என்ற இதே கேள்வி 19-ஆம் நூற்றாண்டிலேயே சிலருக்கு எழுந்தது. அவர்கள் கண்ட விடைகளை மாணவிக்குச் சொன்னேன். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

கத்தியும் அச்சும்

சப்பாத்தி மாவை அகலமாகத் தேய்த்து, அதன்மேல் டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திப் பூரிகளை ஒரே அளவில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூடி செய்யும் வேலையைத்தான் அச்சகத்தார் 'டை' என்று சொல்லும் வெட்டச்சு செய்கிறது. கத்தியால் வெட்டும்போது வடிவம் நம் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. வெட்டச்சிலோ வடிவம் உலோகத்திலேயே இருக்கிறது. எனவே யார் அழுத்தினாலும் அதே வடிவம் கிடைக்கும்.

இன்று அச்சகங்களில் பயன்படும் வெட்டச்சு எளிமையானது. சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிமனும் 23.8 மில்லிமீட்டர் உயரமும் உள்ள எஃகுப் பட்டையை வேண்டிய வடிவத்தில் வளைப்பார்கள். அந்த வடிவத்திலேயே பிளைவுட் பலகையில் இழைத்த பள்ளத்தில் அதைச் செருகுவார்கள். பட்டையின் மேல்விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். வெட்டிய தாள் உள்ளே சிக்கிக்கொள்ளாமல் வெளியே தள்ளுவதற்காகப் பக்கத்தில் ரப்பர்த் துண்டுகளை ஒட்டுவார்கள்.

இதன் இயற்பியலையும் சற்றுப் பார்ப்போம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஓர் அட்டையின் சுற்றளவு 30 சென்டிமீட்டர், கூர்விளிம்பின் அகலம் 0.05 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். தாளைத் தொடும் பரப்பு 15 சதுர மில்லிமீட்டர். தாள் அறுபட ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10 கிலோகிராம் எடை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்ட 150 கிலோகிராம் எடை தேவை. கையால் இது இயலாது.

ஆனால் வீட்டுக்கென்று விற்கும் சிறு இயந்திரத்தைக் கைப்பிடியால் எளிதாகச் சுழற்ற முடிகிறதே, எப்படி? அதில் இரண்டு உருளைகளுக்கிடையே அச்சும் தாளும் நுழைந்து செல்கின்றன. எந்த நொடியிலும் உருளைக்கு அடியில் இருப்பது விளிம்பின் ஒரு சிறு பகுதி மட்டுமே. அது 1 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 0.5 சதுர மில்லிமீட்டர். 5 கிலோகிராம் எடை போதும். நீளமான நேர்விளிம்பு உருளைக்கு இணையாக வந்தால் மட்டும் முழு விளிம்பும் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும். கைப்பிடி முரண்டு பிடிக்கும். அச்சைச் சற்றுச் சாய்த்து வைத்தால் சரியாகிவிடும்.

அரம் செய்த லேஸ்

இனி வரலாற்றுக்கு வருவோம். லண்டனில் டாப்ஸ் என்ற காகித நிறுவனத்தில் ஜோசப் ஆடன்புரூக் என்பவர் வேலை பார்த்தார். அங்கே தாளைப் புடைப்பு அச்சில் அழுத்திப் பூவேலைகளை மேலெழச் செய்வது வழக்கம். 1834-ஆம் ஆண்டில், அச்சின்மேல் இருந்த தாளின் புடைத்த பகுதிகளை அரத்தால் தேய்த்தால் அவ்விடங்கள் அறுந்து துளைகள் விழுவதை அவர் கண்டார். தாள் லேஸ் துணிபோல் ஆகிவிட்டது. 1840-இல் பிரிட்டனில் ஒரு பென்னிக் கட்டணத்தில் அஞ்சல் வந்ததும் வாழ்த்து அனுப்பும் பழக்கம் பெருகியது. லேஸ் காகிதத்துக்கும் நல்ல கிராக்கி ஏற்பட்டது.

அச்சு வாங்காத பெண்

அந்த லேஸ் காகித வாழ்த்து ஒன்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் வாழ்ந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற இளம்பெண்ணின் கைக்கு வந்தது. 1847-இல் கல்லூரிப் படிப்பை முடித்தவர் அவர். தந்தை எழுதுபொருள் வணிகர். இதைவிட அழகாகத் தம்மால் செய்ய முடியும் என்று எஸ்தர் நம்பினார். இங்கிலாந்திலிருந்து லேஸ் காகிதத்தைத் தருவித்து, சில மாதிரிகள் செய்து, ஊர் ஊராக விற்பனைக்குச் செல்லும் தம் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு வேலை வந்தால் போதும் என்று எதிர்பார்த்தாராம். 5,000 டாலருக்கு வந்தது என்று சொல்லப்படுகிறது.

இப்போது எஸ்தர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். அவர் வெட்டும் இயந்திரத்தைத் தேடிப் போகவில்லை. தோழியரை வீட்டுக்கு அழைத்து மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். ஒருவர் படங்களை வெட்டுவார், அடுத்தவர் அடித்தாளை அமைப்பார், இன்னொருவர் ஒட்டுவார். அட்டை கைமாறி நகர்ந்துகொண்டே போகும். லேஸ் காகிதத்தையும் வண்ணப் படங்களையும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டார். ஏனெனில் அவருடைய அட்டைகளின் சிறப்பே ஒன்றுபோல் ஒன்று இல்லாமையில்தான் இருந்தது. ஒரே வடிவத்தைத் தரும் அச்சில் பணத்தை முடக்கியிருந்தால் அந்தச் சிறப்பு போயிருக்கும்.

அச்சு வாங்கிய ஆண்

நியூயார்க்கில் காகிதப் பை செய்துகொண்டிருந்த ராபர்ட் கேர், ஸ்காட்லாந்தில் 1839-இல் பிறந்தவர். 1879-இல் அவருடைய தொழிற்கூடத்தில் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போடவேண்டிய உலோகப் பட்டை ஒன்று இடம் பெயர்ந்து உயர்ந்து நின்றது. அது கோடு போடுவதற்குப் பதிலாகப் பைகளை அறுத்துத் தள்ளிவிட்டது. ஆயிரக்கணக்கான பைகள் பாழ்.

வேறொருவராயிருந்தால் ஆளைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். கேர் வேறுவிதமாக எண்ணினார். உயரமான கூர்ப்பட்டை வெட்டுகிறது. சற்றுத் தாழ்ந்த மழுங்கிய பட்டை மடிக்கிறது. இரண்டையும் ஒரே பலகையில் பொருத்தினால், ஒரே அழுத்தத்தில் பெட்டிக்கான அட்டை வெட்டுப்பட்டு, மடிப்புக் கோடும் விழுந்து வந்துவிடுமே! அதுவரை இவை தனித்தனி வேலைகளாக நடந்துவந்தன. 1898-இல் தொடங்கிய நேஷனல் பிஸ்கட் கம்பெனி தன் பிஸ்கட்டுகளை மடிப்பு அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியபோது, இந்த முறை நாடெங்கும் பரவியது.

கேருக்கு அச்சு பலன் தந்தது. காரணம், அவருக்கு வேண்டிய பெட்டி ஒன்றுதான். அதன் எண்ணிக்கையோ லட்சக்கணக்கு.

கத்தி திரும்பி வருகிறது

மூன்றாவது வழி ஒன்று 1960-களின் இறுதியில் பிறந்தது. ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக அமெரிக்கா சென்ற ஜோசப் கெர்பர், கணிப்பொறி நகர்த்தும் கத்தியால் துணி வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். வடிவம் இப்போது கையிலும் இல்லை, உலோகத்திலும் இல்லை. எண்களாக நினைவகத்தில் இருக்கிறது. எண்களை மாற்றினால் வடிவம் மாறிவிடும். இன்று கணினியோடு இணைத்து வீட்டு மேசையில் வைத்துக்கொள்ளும் வெட்டும் கருவிகள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்குத் தனித்தனி அச்சுகள் வேண்டியதில்லை. ஆனால் கத்தி கோட்டின் வழியே புள்ளி புள்ளியாகத்தான் செல்லவேண்டும். ஆகவே ஒரே வடிவம் ஆயிரம் வேண்டுமென்றால் வெட்டச்சுதான் விரைவானது.

மாணவியின் நோட்டுப் புத்தகம்

இவ்வளவும் சொல்லிவிட்டு மாணவியின் விற்பனை நோட்டைக் கேட்டு வாங்கினேன். அளக்காமல் முடிவு சொல்வது நம் பாடத்துக்கு அழகல்ல. ஓராண்டில் 400 அட்டைகள். வடிவங்கள் எத்தனை என்று எண்ணினோம்: 37!

ஒரு கணக்குப் போட்டோம். அச்சால் ஓர் அட்டைக்கு 5 நிமிடம் மிச்சம். ஒரு மணி நேர உழைப்பு 60 ரூபாய் என்றால் மிச்சம் 5 ரூபாய். உருளை இயந்திரமும் ஓர் அச்சும் சேர்ந்து 9,000 ரூபாய் என்று கொண்டால், போட்ட பணம் திரும்ப 1,800 அட்டைகள் வெட்டவேண்டும். அதற்கு நாலரை ஆண்டு ஆகும். அதுவும் ஒரே அச்சு போதும் என்றால்தான்! 37 வடிவங்களுக்கும் அச்சு வாங்கினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மேலே ஒட்டும் உருவங்கள்தான் 37. அலைவிளிம்புள்ள அடியட்டை ஒன்று 260 அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. பெருவிரலைக் காய்க்கவைத்ததும் அந்த அலைவிளிம்புதான். அதற்கு மட்டும் ஓர் அச்சு செய்யக் கொடுத்து, கூலிக்கு டை கட்டிங் செய்யும் அச்சகம் ஒன்றில் 500 அட்டைகளை மொத்தமாக வெட்டி வாங்கினார் மாணவி. உருவங்களை இப்போதும் கையால்தான் வெட்டுகிறார். சேமிப்பில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது, பெருவிரலும் தேறிவருகிறது.

நீங்களும் இப்படி ஒரு கருவி வாங்க எண்ணினால், கடைக்குப் போகுமுன் உங்கள் நோட்டைத் திறந்து எது திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் வந்தால் அச்சும் இயந்திரமும் உங்களுக்கு உரியவை. ஒவ்வொன்றும் வேறு வடிவம், எண்ணிக்கையும் அதிகம் என்றால் கணினிக் கத்தியைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் எஸ்தர் ஹௌலண்டைப் போல், வெட்டியதை வெளியில் வாங்கி, அழகை வீட்டில் சேருங்கள். கை வலிக்கு மட்டும் இந்தக் கணக்கில் விலை போடவில்லை. அது அதிகமாகிவிட்டால், 1,800 அட்டைகள் வரை காத்திருக்க வேண்டாம்.