பெரிதாக்கும்போது எது மாறக்கூடாது? ஸ்லைடு மென்பொருளில் வடிவ அளவு மாற்றத்தின் வரலாறு

முன்னுரை

ஸ்லைடில் ஒரு செவ்வகத்தைச் சொடுக்கினால் அதைச் சுற்றி எட்டுச் சிறு புள்ளிகள், அதாவது கைப்பிடிகள், தோன்றும். மூலைப் புள்ளியை ஷிப்ட் விசையோடு இழுத்தால் நீள அகல விகிதம் குலையாது. கண்ட்ரோல் விசையோடு இழுத்தால் மையம் நகராது. அளவு மாறும்போது எது மாறாமல் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவே இவ்விரு விசைகளும் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு மென்பொருள்கள் காலந்தோறும் தந்த விடைகளின் தொடர்ச்சியாகவே வடிவ அளவு மாற்றத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. நிபந்தனையால் நின்ற வடிவம்

எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் 1963-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வின் விளைவு ஸ்கெட்ச்பேட் என்ற வரைமென்பொருள். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினியில் அது இயங்கியது. திரையில் ஒளிப்பேனாவால் வரைவார்கள். ஒழுங்கற்ற ஆறு பக்க உருவம் ஒன்றைப் போட்டுவிட்டு, முனைகள் வட்டத்தின்மேல் இருக்க வேண்டும், பக்கங்கள் சமமாக வேண்டும் என்று நிபந்தனை விதித்தால், கணினியே அதைச் சீரான அறுகோணமாக்கிவிடும். அந்த மூல உருவின் படிகளை வெவ்வேறு அளவிலும் கோணத்திலும் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகளும் திருந்தும். மாறக்கூடாதது எது என்பது இங்கே வடிவத்துக்குள்ளேயே பதிந்திருந்தது.

2. கட்டமும் கைப்பிடியும்

1983-இல் ஆப்பிளின் லிசா கணினியோடு வந்த லிசாட்ரா, 1984-இல் மேக்கின்டாஷுக்கு வந்த மேக்ட்ரா ஆகிய இரண்டு வரைமென்பொருள்களையும் எழுதியவர் மார்க் கட்டர். மேக்கின்டாஷ் வரைகலைக்கு அடித்தளமாக அமைந்தது பில் அட்கின்சனின் குவிக்டிரா. அதில் நீள்வட்டத்துக்கு மையமும் ஆரமும் கிடையாது. அதை அடக்கும் செவ்வகக் கட்டமே அதன் இலக்கணம். அந்தச் செவ்வகத்தின் எல்லைகளைத் தள்ளினால் போதும், வடிவம் தானே விரியும், சுருங்கும். 128 கிலோபைட் நினைவகம் கொண்ட முதல் மேக்கின்டாஷுக்கு இந்தச் சிக்கனம் பொருத்தமானது. ஸ்கெட்ச்பேட் காத்த நிபந்தனைகள் இந்த அமைப்பில் இடம்பெறவில்லை. வடிவம் உறவுகளை இழந்து அளவாகச் சுருங்கியது.

3. பவர்பாயிண்ட் ஏற்ற மரபு

ராபர்ட் காஸ்கின்ஸ் 1984-இல் திட்டமிட, டென்னிஸ் ஆஸ்டினும் தாமஸ் ரட்கினும் எழுதிய பவர்பாயிண்ட், 1987 ஏப்ரலில் ஃபோர்தாட் நிறுவனத்தின் வெளியீடாக மேக்கின்டாஷுக்கு வந்தது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது. முதல் பதிப்பின் வேலை, ஓவர்ஹெட் புரொஜக்டருக்கான தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுத் தருவது. விண்டோஸ் பதிப்பு 1990-இல் வெளிவந்தது. ஆபீஸ் 97-இல் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் மூன்றுக்கும் வரைகருவிகள் பொதுவாயின. அதன் ஆட்டோஷேப்கள் (ஆயத்த வடிவங்கள்) பலவற்றில், கட்டத்தின் எட்டுக் கைப்பிடிகளோடு மஞ்சள் சாய்சதுரப் புள்ளி ஒன்றும் இருந்தது. அதை இழுத்தால் கட்டத்தின் அளவு மாறாது; அம்பின் தலை எவ்வளவு பருக்க வேண்டும், மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்பவை மாறும்.

4. விகிதமாக மாறிய மூலை

மஞ்சள் புள்ளி செய்யும் இந்த மாற்றத்தின் நுட்பம் கோப்பைத் திறந்து பார்த்தால் புரியும். 2006-இல் எக்மா-376 தரமாகவும், 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்ட ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல். வடிவமைப்பில், நீளங்கள் ஆங்கில–மெட்ரிக் அலகில் எழுதப்படுகின்றன. ஓர் அங்குலம் 9,14,400 அலகு. ஒரு சென்டிமீட்டர் 3,60,000 அலகு. இரு அளவை முறைகளும் பின்னமின்றி முழு எண்ணில் சந்திக்கின்றன.

மூலை வளைந்த செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். குவிக்டிராவில் மூலையின் வளைவு தனி அளவு. கட்டம் எவ்வளவு பெருத்தாலும் அது தானாக மாறாது. புதிய வடிவமைப்பில் அது குறுகிய பக்கத்தின் விகிதம். இயல்பு மதிப்பு ஒரு லட்சத்துக்கு 16,667, அதாவது ஆறில் ஒரு பங்கு. 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் உள்ள பெட்டியில் வளைவின் ஆரம் 0.5 செ.மீ. அகலத்தை மட்டும் 12 ஆக்கினால் ஆரம் அப்படியே நிற்கும். உயரத்தையும் 6 ஆக்கினால் 1 செ.மீ. ஆகும். உறவு ஒன்று வடிவத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அது மென்பொருள் முன்கூட்டியே எழுதிவைத்த உறவு, பயன்படுத்துபவர் விதித்தது அன்று.

5. விகிதத்துக்கு அடங்காதவை

எழுத்தும் கோடும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன. 18 புள்ளி எழுத்துள்ள பெட்டிகளைக் குழுவாக்கிப் பாதியாகச் சுருக்கினால் பெட்டிகள் சுருங்கும். எழுத்து 18-லேயே நின்று வெளியே வழியும். கோட்டின் தடிமனும் குறையாது.

ஸ்லைடின் அளவே மாறும்போது சிக்கல் முற்றுகிறது. பவர்பாயிண்ட் 2010-இல் 4:3 ஸ்லைடு 10 × 7.5 அங்குலம், 16:9 ஸ்லைடு 10 × 5.625 அங்குலம். முன்னதிலிருந்து பின்னதற்குப் போனால் உயரம் முக்கால் பங்காகி வட்டங்கள் நசுங்கின. 2013 பதிப்பு 13.333 × 7.5 அங்குலத்தை இயல்பாக்கியதோடு, சிறிய ஸ்லைடுக்கு மாற்றும்போது உள்ளடக்கத்தைப் பெரிதாக வைப்பதா, உள்ளே அடக்குவதா என்றும் கேட்டது. மாறக்கூடாதது எது என்று மனிதரிடமே கேட்கத் தொடங்கியது.

முடிவுரை

ஆபீஸ் வடிவங்களின் பட்டியலில் வட்டம் என்று தனியாக ஒன்றில்லை. அகலமும் உயரமும் சமமாக நேர்ந்துவிட்ட நீள்வட்டமே வட்டமாகக் காட்சி தருகிறது. பக்கக் கைப்பிடியைச் சற்றே இழுத்தால் அது வட்டமாக இராது; மென்பொருளுக்கு அதில் தவறேதும் தெரியாது. சமம் என்ற நிபந்தனையை 1963-இல் வடிவம் தானே சுமந்தது. இன்று ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் விரல் அதைச் சுமக்கிறது.