மானுக்கு ஏற்ற தோட்டா

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து பென்சில்வேனியாவில் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், ஊரில் பழகிய யேகர் ரைஃபிளைத்தான் லங்காஸ்டர் வட்டாரத்திலும் செய்தார்கள். குட்டையான, தடித்த குழல். சிறு நெல்லிக்காய் அளவுக்கு ஈயக் குண்டு. குழலின் உள்விட்டம், அதாவது காலிபர், 0.60 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினால் அந்த அளவில் இருபது குண்டுகளுக்குச் சற்று மேல் தேறும். ஐரோப்பியப் பிரபுக்களின் காட்டில் ஒரு நாள் வேட்டைக்கு அது தாராளம். அப்பலேச்சியன் மலைக்காட்டில் வாரக்கணக்கில் திரிந்து மான் தோலும் இறைச்சியும் சேர்த்தவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஈயத்தையும் வெடிமருந்தையும் முதுகில் சுமந்துதான் போக வேண்டும். தீர்ந்துவிட்டால் வாங்கக் கடை கிடையாது.

ஆகவே குழல் ஒடுங்கியது. தலைமுறைகள் செல்லச் செல்ல விட்டம் 0.45 அங்குலம் வரை இறங்கியது. நீளம் நாற்பது அங்குலத்தைத் தாண்டியது. அதே ஒரு பவுண்டு ஈயத்தில் இப்போது ஐம்பது குண்டுகள் கிடைத்தன. ரைஃபிள் வாங்கியவருக்கு அதன் குழலுக்கென்றே செய்த குண்டு அச்சையும் கொல்லர் சேர்த்தே கொடுத்தார். ஒருவர் துப்பாக்கியின் குண்டு மற்றவர் துப்பாக்கிக்குச் சேராது. கரண்டியில் உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஆறியதும் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை வெட்டி எறிவார்கள். கொழுப்புத் தடவிய துணித் துண்டில் குண்டைப் பொதிந்து, குழலின் வாய்வழியே கோலால் இறக்குவார்கள். சுடும்போது அந்தத் துணி குழலுக்குள் வெட்டியிருக்கும் மரைகளைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும். மான் வேட்டைக்கு எந்தக் காலிபர் என்ற கேள்விக்கு அமெரிக்கக் காடு சொன்ன முதல் பதில் இப்படித்தான், ஈயக் கணக்கிலிருந்து வந்தது.

அந்த மான் இன்றுவரை மாறவில்லை. வெண்வால் மானில் வளர்ந்த கலை பெரும்பாலும் அறுபது முதல் நூற்றுச் சொச்சம் கிலோ எடை இருக்கும். தோள்பட்டைக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். குண்டு அங்கே பாய்ந்தால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். வயிற்றில் பட்டால் வெகுதூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் வதைபட்டுச் சாகும். நல்ல காலிபர் எது என்பதை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது. ஆனால் வேட்டைக்காரர்களின் கைக்கு எந்தத் தோட்டா வந்தது என்பதை மானின் உடல் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஈயம், ராணுவம், சுடுபவரின் தோள், மாநிலச் சட்டம் என்று ஒவ்வொரு காலத்திலும் வேறு ஏதோ ஒன்று குறுக்கே நின்றது.

கரிமருந்தின் காலத்தில் குண்டின் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. மருந்தை எவ்வளவு கூட்டினாலும் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது, புகைதான் கூடும். வலிமை வேண்டுமென்றால் குண்டைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45-70 தோட்டாவில் 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கரிமருந்து, 405 கிரெய்ன் ஈயம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். மானை வீழ்த்த இது போதும், போதுமென்பதைவிட அதிகமும்கூட. சிக்கல் தூரத்தில் இருந்தது. நூறு கஜத்துக்குக் குறி திருத்திய துப்பாக்கியில் இருநூறு கஜத்தில் சுட்டால் குண்டு ஏறத்தாழ இரண்டு அடி கீழே இறங்கிவிடும். தூரத்தைக் கண்ணால் கணிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் கால் முறிந்த மான்தான் மிச்சம்.

1884இல் பிரான்சில் பால் வியே புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். ஐரோப்பியப் படைகள் சிறிய காலிபருக்கு ஒன்றன்பின் ஒன்றாக மாறின. வேட்டைக்காரர்களுக்கு அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது வின்செஸ்டர் நிறுவனத்தின் 1894 மாடல். யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. முதலில் அது கரிமருந்துத் தோட்டாக்களுக்காகத்தான் விற்பனைக்கு வந்தது. புதிய மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழலோடு 1895இல் வந்ததுதான் .30-30. முதல் முப்பது, அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு விட்டம். இரண்டாவது முப்பது, 30 கிரெய்ன் புகையற்ற மருந்து. பழைய .45-70 குண்டின் எடையில் பாதிகூட இல்லாத குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,000 அடி வேகத்தில் பறந்தது.

லேசான துப்பாக்கி, குதிரைச் சேணத்து உறையில் அடங்கும் நீளம், தோள் தாங்கும் உதைப்பு. மரங்கள் அடர்ந்த கிழக்கு மாநிலங்களில் மான் கண்ணுக்குப் படுவதே நூறு கஜத்துக்குள்தான். அந்தக் காட்டுக்கு இந்தத் தோட்டா கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால் பின்னாலுள்ளதன் முனை முன்னாலுள்ளதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் இடித்து, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடக்கூடும். அதனால் குண்டின் முனை தட்டையாகவே இருந்தது. தட்டை முனை காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். இருந்தும் 1894 மாடல் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927இல் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜுக்குப் பரிசாகப் போனது.

இத்தனை துப்பாக்கிகள் விற்ற காலத்தில் சுடுவதற்கு மான் எங்கே இருந்தது? சந்தைக்காக இறைச்சியையும் தோலையும் குவித்த வேட்டை, காடழிப்பு இரண்டின் விளைவாக 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதிலும் வெண்வால் மான் ஐந்து லட்சத்துக்கு மேல் இல்லை என்பது வல்லுநர்களின் மதிப்பீடு. அந்த ஆண்டே லேசி சட்டம் வந்தது. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை தாண்டி விற்பது குற்றமானது. பென்சில்வேனியா வெளி மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கிவந்து காட்டில் விட்டது. 1907இல் கொம்புள்ள கலைகளை மட்டுமே சுடலாம், பிணைகளைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டது. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. இன்று அந்த நாட்டில் வெண்வால் மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி. காலிபர் பற்றிய வாதம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சட்டங்களே முதல் காரணம்.

அடுத்த திருப்பம் ராணுவக் கிடங்கிலிருந்து வந்தது. ஜெர்மனி 1905இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியதைப் பார்த்த அமெரிக்க ராணுவம், மறு ஆண்டே தன் தோட்டாவையும் மாற்றிக்கொண்டது. அதே 0.30 அங்குலம், 1906ஆம் ஆண்டு, ஆகவே .30-06. முதல் உலகப் போருக்குச் சென்ற லட்சக்கணக்கான இளைஞர்கள் அந்தத் தோட்டாவில்தான் சுடக் கற்றார்கள். திரும்பி வந்ததும் காட்டுக்கு எடுத்துச்செல்லவும் அதையே தேடினார்கள். போரில் மிஞ்சிய என்ஃபீல்ட் ரைஃபிள்களின் பாகங்களைக் கொண்டு ரெமிங்டன் நிறுவனம் 1921இல் ஒரு வேட்டைத் துப்பாக்கியை வெளியிட்டது. மானுக்காக யாரும் வடிவமைக்காத தோட்டா அமெரிக்காவின் பிரதான மான் தோட்டாக்களில் ஒன்றாக நிலைபெற்றது.

1925இல் வின்செஸ்டர் .30-06இன் பித்தளைக் கூட்டின் கழுத்தை ஒடுக்கி .270 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 130 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 3,000 அடிக்கு மேல் வேகம். இருநூறு கஜத்துக்குக் குறி திருத்தினால் முந்நூறு கஜத்திலும் ஏழு அங்குலம்தான் இறங்கும். அரிசோனாவின் வெட்டவெளி மலைகளில் வளர்ந்த ஜாக் ஓகானர், ‘அவுட்டோர் லைஃப்’ இதழில் பல்லாண்டுகள் இந்தத் தோட்டாவின் பெருமையை எழுதினார். ஐடஹோவின் எல்மர் கீத் எதிரணி. எல்க் போன்ற பெரிய மான்களைச் சுட்ட அனுபவத்திலிருந்து பேசியவர்; வேகத்தை நம்பாதே, கனத்த பெரிய குண்டை நம்பு என்பது அவர் கட்சி. இருவரும் வேட்டையாடிய நிலமும் விலங்கும் வேறு வேறு. பள்ளத்தாக்குக்கு அப்பால் நிற்கும் சிறிய மானுக்கு ஓகானர் சொன்னது சரி. இருண்ட காட்டில் ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும் எல்க்குக்குக் கீத் சொன்னதில் நியாயம் உண்டு.

அதற்குப் பிறகு கவனம் சுடுபவரின் தோள் பக்கம் திரும்பியது. பலமாக உதைக்கும் துப்பாக்கியைக் கையாள்பவர் விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் உடலைச் சுருக்குவார், குறி தப்பும், அடிபட்ட மான் ஓடிவிடும். 1955இல் வந்த .243 வின்செஸ்டர் இதற்கான விடை. .30-06இன் உதைப்பில் பாதிதான். புதிதாகப் பழகும் சிறுவர் சிறுமியர் பலருக்கு அது முதல் மான் துப்பாக்கி ஆனது. அதே ஆண்டு ரெமிங்டனும் அதே விட்டத்தில் .244 என்று ஒரு தோட்டாவைக் கொண்டுவந்தது. அதன் மரை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வின்செஸ்டருடையது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சுற்று குறைந்தால் நீளமான, கனமான குண்டு நிலையாகப் பறக்காது. மானுக்கு 100 கிரெய்ன் குண்டு வேண்டும் என்று கேட்டவர்கள் வின்செஸ்டரிடம் போனார்கள். ரெமிங்டன் பின்னர் மரையைத் திருத்தி, 1963இல் பெயரையும் மாற்றிப் பார்த்தது. இழந்த சந்தை மீளவில்லை.

எந்தத் தோட்டா போதாது என்பதைச் சட்டமும் சொல்லத் தொடங்கியது. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது 0.24 அங்குலக் காலிபர் வேண்டும். விரிந்து மலரும் வகைக் குண்டு 70 கிரெய்னாவது இருக்க வேண்டும். நூறு கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிஞ்ச வேண்டும். வர்ஜீனியா 0.23 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டது.

குண்டின் உலோகம் பற்றிய கேள்வி பிந்தி வந்தது. 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் சி.டி. ஸ்கேன் செய்தார். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் அவற்றில் இருந்தன. வேகமான ஈயக் குண்டு உடலுக்குள் சிதறுவதன் விளைவு அது. வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்செல்லும் குடலைத் தின்ற காண்டோர் கழுகுகளும் ஈய நஞ்சால் செத்தன. கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதுமாகத் தடை செய்தது. மாற்றாக வந்த செம்புக் குண்டு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்கு நீளம் கூடும். அப்பா வைத்திருந்த ரைஃபிளில் செம்பைப் போடுபவர்கள் மரை எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பார்த்து, பெரும்பாலும் ஒரு படி லேசான குண்டையே எடுக்கிறார்கள்.

ஒஹாயோ, மிச்சிகனின் தென்பகுதி போன்ற சமதள விவசாயப் பகுதிகளில் வேறொரு கட்டுப்பாடு. அதிவேக ரைஃபிள் குண்டு குறி தப்பினால் மைல் கணக்கில் பறந்து பண்ணை வீடுகளை எட்டும் என்ற அச்சத்தில், மான் வேட்டைக்கு ஷாட்கனில் போடும் ஒற்றைக் கனத்த குண்டான ஸ்லக் போன்றவற்றை மட்டுமே நெடுங்காலம் அனுமதித்தார்கள். ஸ்லக் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை 2007இல் பென்சில்வேனியா சட்டமன்றக் குழுவுக்காகச் செய்த ஆய்வு அசைத்தது. தாழ்வாகச் சுடும்போது தரையில் பட்டுத் தெறிக்கும் ஸ்லக், ரைஃபிள் குண்டைவிட அதிக தூரம் போகக்கூடும் என்று அது கண்டது. ஒஹாயோ 2014இல் ரைஃபிளை அனுமதித்தது. ஆனால் கழுத்து ஒடுங்காத, நேர்சுவர்க் கூடுள்ள தோட்டாக்களுக்கு மட்டும். மிச்சிகன் கூட்டின் நீளத்தையும் 1.16 முதல் 1.80 அங்குலம் என்று வரையறுத்தது.

அந்த விதிகளுக்குள் அடங்கும்படியே 2019இல் வின்செஸ்டர் .350 லெஜண்ட் என்ற தோட்டாவை உருவாக்கியது. கூட்டின் நீளம் 1.71 அங்குலம், 150 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,300 அடிக்குச் சற்று மேலான வேகத்தில் கிளம்பும், உதைப்பு குறைவு, இருநூறு கஜம் வரை மானுக்குத் தாராளம். அதற்கு 124 ஆண்டுகளுக்கு முன் அதே நிறுவனம் வெளியிட்ட .30-30இல் இன்று 150 கிரெய்ன் குண்டைப் போட்டாலும் கிடைக்கும் வேகம் ஏறத்தாழ அதுதான். ஒஹாயோவில் இன்று முதன்முதலாக மான் வேட்டைக்குக் கிளம்பும் ஒருவர் முதலில் திறக்க வேண்டியது மாநிலத்தின் விதிமுறைக் கையேடு. பிறகு துப்பாக்கி சுடும் களத்துக்குப் போய், எட்டு அங்குல வட்டத்துக்குள் தவறாமல் சுட எத்தனை கஜம் வரை தன்னால் முடிகிறது என்று சோதிக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விடுவதுதான் முறை.