விழுப்புண்ணும் இல்லறமும்

தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வரையறுக்கிறது. அவ்வேங்கட மலையின் அடியில் திருப்பதியும், அதற்குத் தென்மேற்கே சித்தூரும் அமைந்துள்ளன. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும், தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் இம்மண் மறவரைப் போருக்கு அனுப்பிய வழக்கம் மாறவில்லை.

களத்தில் வீழ்ந்தோரை நம் முன்னோர் மறந்தாரல்லர். சித்தூர்ப் பகுதியிலும், செங்கம், தருமபுரிப் பகுதிகளிலும் காணப்படும் நடுகற்களே அதற்குச் சான்று. இறந்தவன் குடும்பத்தார்க்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் பெயர்களால் நிலம் வழங்கியதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆயின், வீழாது புண்ணோடு மீண்டவன் நிலை யாது? அவனுக்குக் கல் இல்லை. அவனை ஏற்றது அவன் இல்லமே.

இவ்வுண்மையைச் சங்கச் சான்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். நள்ளிரவில், தூறலிடையே, புண்பட்ட வீரரைப் பாசறையில் நேரிற் சென்று காணும் வேந்தனை நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டுகிறார். புண்பட்டவனைப் பேய் அணுகாதவாறு மனைவி காத்தலைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையின் ஒரு துறையாகவே வகுத்து, தொடாக்காஞ்சி எனப் பெயரிட்டது. வீட்டில் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, மணி ஒலித்து, நறும்புகை எழுப்பிப் புண்ணோனைக் காக்கும் மகளிரை அரிசில்கிழாரின் புறப்பாட்டிலும் காண்கிறோம். வேந்தன் வருகை ஓர் இரவோடு முடிந்தது. மனைவியின் காவலோ நாள்தோறும் தொடர்ந்தது.

பிற்காலப் போர்களிலும் நிலைமை வேறன்று. 1782 டிசம்பர் 7ஆம் நாள், போர்க்காலத்திலேயே, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் ஹைதர் அலி நோயால் இறந்தார். அந்நாளை வரலாறு குறித்து வைத்தது. அதே போரில் கால் இழந்து ஊர் திரும்பிய சிப்பாய்களின் பெயர்களை எந்நூலும் குறிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 இலட்சம் பேர் பணியாற்றினர். போர் முடிந்ததும் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். பணியாண்டுகள் குறைவாயிருந்தமையால் அவர்களுள் மிகப் பலர்க்குப் பணி ஓய்வூதியம் கிட்டவில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் படைவீரன் பதினைந்து ஆண்டுப் பணியால் ஓய்வூதிய உரிமை பெறுகிறான். எனினும் பலர் நாற்பது வயதைச் சுற்றியே படையை விட்டு வருகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் காலம் அது. இத்தனை ஆண்டுகள் நிலத்தையும் வீட்டையும் தனித்து நடத்தியவள் மனைவி. திரும்பியவன் தன் இல்லத்திலேயே விருந்தினன் போல் ஆகிறான். பீரங்கி முழக்கத்தால் செவி மந்தமாகிறது. சுமையால் முழங்கால் தேய்கிறது. வங்கி வாயிலில் காவலாளாய் நின்று எஞ்சிய காலத்தைக் கழிப்பவர் பலர்.

கண்ணுக்குத் தெரியாத புண்ணும் உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915இல், குண்டதிர்ச்சி என்னும் பெயரை மருத்துவர்கள் எழுத்தில் வழங்கத் தொடங்கினர். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் கையேடு, பேரிடருக்குப் பிந்தைய மனவழுத்த நோயை முறையாக ஏற்றது. உறக்கத்தில் அலறி எழுதல், காரணமற்ற சினம், குடி, பேச்சின்மை ஆகியவை அதனோடு தொடர்புடையவை. அன்று குருதி நாடி வரும் பேயை மனைவி விரட்டினாள். இன்று அவள் காத்து நிற்பது நினைவென்னும் பேயினின்று. அண்டை வீட்டாரோ அதனைக் குணக்கேடு என்று கூறி அகல்வர்.

நோய் படைப்பணியால் வந்ததா என்னும் வழக்கும் நெடிது. சேரும்போது நோயில்லை என்று பதிவாகியிருப்பின், பின் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், அதனை மறுத்து நிறுவும் பொறுப்பு வீரனுடையதன்று என்றும் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003 ஏப்ரல் முதல் முன்னாள் படைவீரர்க்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் தனி மருத்துவத் திட்டமும் நடைமுறையில் உள்ளது. உரிமைகள் ஏட்டில் உள்ளன. அவற்றை எடுத்துத் தர ஒரு கை வேண்டும்.

அக்கை நம்முடையதாக இருக்கலாம். ஊரைப் பிரிந்து வாழும் நம்மில் பலர்க்குத் தந்தையோ, தாய்மாமனோ, பெரியப்பாவோ படையில் இருந்தவர். அவர்தம் விடுவிப்புச் சான்றும் மருத்துவப் பதிவும் பத்திரமாக உள்ளனவா, ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் பிழையின்றி உள்ளதா என்று கேட்டறிவது நம் கடமை. அதனினும் பெரிது, அவர் பேசத் தொடங்கும்போது இடைமறியாது கேட்டல். தொடாக்காஞ்சியைத் துறையாக வகுத்த மொழிக்கு உரியவர் நாம். மனைவி ஒருத்தியே இதுகாறும் சுமந்த அக்காவலைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்து கொள்வதே அம்மொழிக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.